காக்கிச் சட்டையும் காயப்பட்ட மனமும்

(பதுளையில் கூடிய தோட்டத் தலைவர்கள், கட்சித் தொண்டர்கள், மாணவர்கள் முன்னிலையில் சட்டத்தரணியும் கட்சி அமைப்பாளருமான ஒருவர் நிகழ்த்திய பேச்சின் வாசகம்.)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் பலருக்கு வியப்பாக இருக்கும். சிலருக்குக் கசப்பாகவும் இருக்கும். யுத்த காலக் கடமை பொலிஸ் உத்தியோகத்தரின் உடலையும் மனத்தையும் என்ன பாடு படுத்தியது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "ஐயா, லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுங்கள்; சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள்; காணியைப் பற்றிப் பேசுங்கள். எங்களை அடித்தவனுடைய தலைவலி எங்களுக்கு எதற்கு?" என்று தோழர் ஒருவர் மனத்துக்குள் கேட்பது எனக்கு விளங்குகிறது. அது நியாயமான கேள்விதான்.

அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொலிஸ்காரர் செய்த குற்றத்துக்கு அவர் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒரு சதமும் தள்ளுபடி இல்லை. யுத்தம் அவருக்கு ஏற்படுத்திய காயத்துக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு சதமும் தள்ளுபடி இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க எவருக்கும் உரிமை கிடையாது. இவ்விரண்டையும் ஒருங்கே கேட்கும் துணிவு நமக்கு வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். அதை மறைத்துவிட்டு மேலே பேசினால், நீங்கள் என்னை இந்த மேடையிலிருந்து இறக்கிவிடுவது முறையே.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்துக் காணியைக் காக்கத் திரண்டவர்களுள் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். 1983 ஜூலை 27ஆம் நாள் இதே பதுளை நகரத்துக் கடைவீதி பட்டப்பகலில் எரிந்தது; வன்செயல் பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை, லுணுகலை என்று பரவியது. யுத்த காலம் நெடுகிலும், அடையாள அட்டை இல்லாத தோட்டத்து இளைஞன் சோதனைச் சாவடியில் நின்ற மாத்திரத்தே சந்தேக நபரானான். 1979இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், கொழும்பில் கடையில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தார்கள் என்பதை இங்கே இருக்கும் தாய்மார் அறிவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிந்துனுவெவ. பண்டாரவளைக்கு அருகே அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த புனர்வாழ்வு முகாம் அது. ஏறத்தாழ 40 தமிழ் இளைஞர்கள் அங்கே இருந்தனர். அவர்களுள் சிறுவர்களும் உண்டு. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் காலை கத்தியும் பொல்லும் ஏந்தி வந்த கும்பல் முகாமினுள் புகுந்து அவர்களில் 25 பேருக்கு மேல் கொன்றது. ஏறத்தாழ 60 பொலிசார் அவ்விடத்தில் இருந்தனர். கொலை நின்றபாடில்லை. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் ஐவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மரண தண்டனை பெற்றனர். அவர்களுள் இருவர் பொலிஸ் உத்தியோகத்தர். 2005க்குள் மேன்முறையீட்டில் ஐவரும் விடுதலையாயினர். இறந்த பிள்ளைகளுக்காகத் தண்டனை அனுபவிப்பவர் ஒருவரும் இல்லை.

அன்று அங்கே நின்ற பொலிசார் மனநோயினால்தான் வாளாவிருந்தார்கள் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். நோயினால் உண்மையாகவே வருந்துபவர்களுக்குச் செய்யும் அவமதிப்புங்கூட. கடமை தவறியவர் கடமை தவறியவரே. நம் பக்கத்துக் கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டே மறுபக்கத்தைத் திருப்புவோம்.

இந்நாட்டுப் பொலிஸ் சேவையின் அடிப்படைச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதன் 56ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் எந்நேரமும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று கூறுகிறது. திருடனைப் பிடிப்பதற்கும் ஊரில் அமைதி காப்பதற்கும் வெள்ளைக்காரன் எழுதிய வாசகம் அது. அந்த வாசகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்து அரசாங்கங்கள் பொலிஸ்காரரை யுத்தத்துக்கு அனுப்பின. போர்வீரனுக்குப் போர் முடிந்தால் பாசறை உண்டு. பொலிஸ்காரருக்கோ பதுங்குகுழியிலிருந்து வந்தவுடன் முறைப்பாட்டு மேசை. நேற்றுவரை துப்பாக்கி ஏந்திக் காட்டோரம் காவல் நின்றவர், இன்று கணவன் மனைவி சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டும். இடையில் ஒரு வார ஓய்வுகூட நிச்சயமில்லை.

ஊவாவுக்கு இந்த வரலாறு புதியதன்று. 1971 ஏப்ரல் 5ஆம் நாள் விடியற்காலையில், கிளர்ச்சிக்காரரின் தாக்குதலுக்கு நாட்டிலேயே முதன்முதலாக இலக்கானது நம் மாகாணத்து வெல்லவாயப் பொலிஸ் நிலையம். 1989இல் இரண்டாவது கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, படையினரும் பொலிசாரும் வேலையை விட்டு விலக வேண்டும், விலகாவிடில் அவர்களுடைய குடும்பத்தார் கொல்லப்படுவர் என்று கிளர்ச்சிக்காரர் அறிவித்தார்கள். அது வெறும் மிரட்டலாக நிற்கவில்லை. அதே காலத்தில் பொலிசாரும் படையினரும் அவர்களைச் சார்ந்த கும்பல்களும் கிராமத்துச் சிங்கள இளைஞர்களைப் பிடித்துச் சென்று கொன்றதையும் நாடு அறியும். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளாக இருந்த இடங்கள் பல.

அடுத்து 1990. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்குகிறதே, அந்த வீதியை மட்டக்களப்பு மக்கள் பதுளை வீதி என்றே அழைப்பார்கள். அந்த வீதியின் மறுமுனையில் நடந்ததைக் கேளுங்கள். 1990 ஜூன் 11ஆம் நாள் கிழக்கு மாகாணப் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் இயக்கத்தினர் சூழ்ந்தனர். எதிர்த்துப் போரிட வேண்டாம், சரணடையுங்கள் என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சரணடைந்தவர்களுள் சிங்கள, முஸ்லிம் பொலிசார் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தோர் 600க்கும் மேற்பட்டவர்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சுட்டவர்களுக்கும் தண்டனையில்லை, கட்டளை கொடுத்தவர்களிடமும் எவரும் கணக்குக் கேட்கவில்லை. சரணடைந்தவரைக் கொல்வது எந்தப் போர்முறையிலும் மாபாதகம். தமிழன் என்ற காரணத்தால் அதைச் சொல்ல நான் தயங்கப்போவதில்லை. தயங்கினால் பிந்துனுவெவவைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

உயிர் தப்பியவர்களின் நிலையையும், அச்செய்தியைக் கேட்ட பின்பு அதே கிழக்குக்குக் கடமைக்கு அனுப்பப்பட்டவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மேலதிகாரியின் சொல்லை நம்பியவர் இறந்தார் என்பதே அவர்கள் கற்ற பாடம். தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தரின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. ஒரு பக்கம் துரோகி என்ற பெயர். அதற்கு விலை உயிர். மறு பக்கம் திணைக்களத்துக்குள்ளேயே சந்தேகக் கண். 2008 ஜனவரி 16ஆம் நாள் யுத்தம் மொனராகலை மாவட்டத்துக்கே வந்தது. புத்தளையில் பயணிகள் பஸ் ஒன்று குண்டுவைத்துத் தாக்கப்பட்டு 25 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய இடங்களிலே சிதறிய உடல்களைச் சேர்த்து, அடையாளம் கண்டு, உறவினரிடம் ஒப்படைப்பது யார் வேலை? பொலிஸ்காரர் வேலை.

இனி, இத்தகைய கடமை மனிதனை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆபத்து எதிர்ப்பட்டால் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இதயம் விரைந்து அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசை முறுக்கேறுகிறது, பசியும் உறக்கமும் விலகிப் போகின்றன. ஆபத்து நீங்கியதும் அவை தணிய வேண்டும். இயற்கை வகுத்த ஏற்பாடு அது. ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில், எந்த வேலியின் பின்னிருந்து குண்டு வருமோ என்று விழித்திருப்பவனுக்கு அது தணிவதில்லை. யுத்தம் முடிந்தது என்று வானொலி சொல்லலாம், உடம்பு நம்புவதில்லை. உயர் இரத்த அழுத்தம், நெஞ்சு வலி, வயிற்றுப் புண், தீராத முதுகு வலி, வேட்டுச் சத்தத்தினால் மந்தமான காது என்று அது நோயாக வெளிப்படுகிறது.

மனத்திலோ வேறு விதம். கண்ட காட்சி கனவில் திரும்ப வரும். பகலிலும் நினையாத வேளையில் முன்னே வந்து நிற்கும். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் உடல் நடுங்கும். மனைவி மக்களிடம் அன்பு காட்ட முடியாதபடி உள்ளம் மரத்துப் போகும். சிறு சொல்லுக்கும் பெருங்கோபம் மூளும். உறக்கத்துக்காகச் சாராயம் தொடங்கி, பிறகு சாராயத்துக்காகவே வாழ்வு என்றாகும். இதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று வைத்தியர்கள் அழைக்கிறார்கள். யுத்தத்துக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்த எல்லோரும் வன்முறையாளர் ஆவதும் இல்லை. பலர் எவரையும் அடிப்பதில்லை. மௌனமாகத் தம்மைத் தாமே அழித்துக்கொள்கிறார்கள். ஆனால் இது வைத்தியத்தால் தணியக்கூடிய நோய் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

உலகம் இதை நோயென்று ஒப்புக்கொள்ளவே நெடுங்காலம் எடுத்தது. முதலாம் உலக யுத்தத்தில் குண்டு விழும் களத்தில் நின்று பேச்சிழந்தும் நடுங்கியும் போன சிப்பாய்களைப் பற்றி வைத்தியர் சார்ள்ஸ் மயர்ஸ் 1915இல் எழுதினார். இருந்தும் பிரித்தானிய இராணுவம் கோழைத்தனம், களத்தை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகத் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அவர்களுள் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து! வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் துன்பத்தைக் கண்ட பின்னரே, 1980இல், அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இந்நோய்க்குத் தன் ஏட்டில் இடம் கொடுத்தது. நம் நாட்டில் யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் நடுவே இருந்துகொண்டே, அது தமிழ் மக்களின் மனத்தில் விட்ட வடுவைப் பற்றி எழுதினார். அவர் விளக்கிய அதே நோய் காக்கிச் சட்டைக்குள்ளும் புகும். அதற்கு இனம் தெரியாது, மொழி தெரியாது.

"சரி, ஐயா, அவருக்கு நோய், எங்களுக்கு என்ன?" என்பீர்கள். சொல்கிறேன். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அப்போது 22 வயதிலிருந்த கான்ஸ்டபிள் இன்று நாற்பதை ஒட்டிய வயதில் சார்ஜன்ட் பதவியில் இருப்பார். அவர் 60 வயதுவரை சேவையில் இருந்தால் 2047 வரை ஏதோ ஒரு பொலிஸ் நிலையத்தில் கடமையாற்றுவார். பசறையிலோ ஹப்புத்தளையிலோ வெலிமடையிலோ உங்கள் மகள் ஒரு முறைப்பாட்டோடு போகும்போது மேசைக்கு அப்பால் இருப்பவர் அவராக இருக்கலாம். இரவு முழுவதும் உறங்காதவர், தமிழ் விளங்காதவர், யுத்தம் கற்பித்த சந்தேகத்தை மறக்க எவரும் உதவாதவர், உங்கள் பிள்ளையை விசாரிக்கப் போகிறார். அவருக்கு வைத்தியம் கிடைத்ததா என்பது உங்களுக்கு அக்கறையில்லாத விடயமா?

வீட்டுக்குள்ளும் சென்று பாருங்கள். தாபரிப்பு வழக்குக்காக என்னிடம் வந்த சிங்களப் பெண் ஒருவர், இளைப்பாறிய பொலிஸ் உத்தியோகத்தரின் மனைவி. கணவர் வடக்கில் கடமை செய்து திரும்பிய பிறகு பிள்ளைகள் தகரத்தைத் தட்டினாலும் அடிக்க ஓடுகிறாராம். இரவில் எழுந்து கதவுகளைச் சோதிக்கிறாராம். பென்ஷன் காசு முழுவதும் குடியில் போகிறதாம். "வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். "பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று வர மறுத்துவிட்டார்" என்றார். தாபரிப்புப் பணம் பெற்றுக்கொடுக்க எனக்குச் சட்டம் உண்டு. அந்த மனிதரை மீட்டுக் கொடுக்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை. தோட்டத்து லயங்களில் குடியினால் அல்லற்படும் தாய்மாரே, அந்தப் பெண்ணின் துயரம் உங்களுக்குப் புரியாததா?

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். தற்கொலையின் கொடுமையைத் தோட்டப்புறம் நன்கறியும். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் நீக்கப்பட்டது. மிகக் கொடிய பூச்சிமருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்யப்பட்டன. விகிதம் பெருமளவு குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தால், அந்தக் கொடிய வேளை கடந்துபோய் உயிர் பிழைக்கிறது என்பதே அதன் பொருள். பூச்சிமருந்து எப்படி நம் லயத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததோ, அப்படியே மனம் நொந்த பொலிஸ்காரரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது. நஞ்சைத் தடுத்த அரசாங்கத்துக்கு, நோயுற்றவரின் கையிலிருந்து துப்பாக்கியை அன்போடும் மரியாதையோடும் எடுத்துவைக்கத் தெரியாதா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். "நோய் என்று சொல்லிக் குற்றவாளி தப்பிவிடுவானே" என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அந்த அச்சம் வேண்டாம். நமது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியமுடியாத அளவுக்குச் சித்தம் கலங்கியவரை மட்டுமே குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. உறக்கமின்மையும் கோபமும் அந்த வாசலுக்குள் நுழையமாட்டா. சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமோ, சித்திரவதை செய்த அரச ஊழியனுக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையை விதிக்கிறது. அந்தச் சட்டம் உறங்குவதற்குக் காரணம் பொலிசாரின் நோயன்று; வழக்குத் தொடுக்க வேண்டியவர்களின் மனமின்மை. ஆகவே வைத்தியம் கொடுப்பதால் நீதி குறையாது. வைத்தியம் கொடுத்த பின்பு "வேலைப்பளு, மன உளைச்சல்" என்று சாக்குச் சொல்லவும் இடமிராது.

அயல்நாட்டு வழக்குகள் இரண்டை எடுத்துக்காட்டுகிறேன். 1989 ஏப்ரல் 15ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் நெரிசலில் சிக்கியவர்களுள் 97 பேர் மாண்டனர். பிள்ளைகளையும் சகோதரரையும் இழந்த பலர், தம் மனத்துக்கு நேர்ந்த காயத்துக்காக நட்டஈடு கேட்டு வழக்காடித் தோற்றனர். பின்னர் அங்கே கடமையிலிருந்த பொலிசாரும் அதே நட்டஈட்டைக் கேட்டனர். 1998இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. மறுத்ததற்கு ஒரு காரணம், உறவினருக்கு இல்லை என்று சொன்னதைப் பொலிசாருக்குக் கொடுத்தால் பொதுமக்கள் அதை நியாயமென்று ஏற்கமாட்டார்கள் என்பது. உறவினருக்குக் கொடுக்காதது தவறு என்று கூறி இருவருக்கும் கொடுத்திருக்கலாம். அந்த வழியை அவர்கள் நாடவில்லை. இரு தரப்பாரும் வெறுங்கையோடு வீடு சென்றார்கள்.

மற்றது வட அயர்லாந்து. முப்பது ஆண்டுக் கலவரத்தில் அந்நாட்டுப் பொலிசார் ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டனர். மனவடுவுக்கு உள்ளான பல்லாயிரம் பொலிசார் தம் நிருவாகத்தின்மீதே வழக்குத் தொடுத்தனர். 2007இல் பெல்பாஸ்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதிரி வழக்காளிகள் எல்லோரும் வெல்லவில்லை. ஆயினும் தன் உத்தியோகத்தரின் மனநலத்தைக் காப்பதில் நிருவாகம் சில வகையில் தவறியது என்பதை நீதிமன்றம் கண்டது. பொலிஸ்காரரின் மனமும் தொழில் வழங்குபவரின் பொறுப்பு என்ற கொள்கை அங்கே பதிந்துவிட்டது.

நமக்கு இது புதிய கொள்கையா? தேயிலைத் தொழிற்சாலையில் உருளையில் கை அகப்பட்ட தொழிலாளிக்கு நட்டஈடு உண்டு என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் கூறுகிறது. அது யாரும் இடும் பிச்சையன்று. தொழில் செய்யும்போது ஏற்பட்ட காயம் தொழில் கொடுத்தவனின் பொறுப்பு என்ற நியாயம். துரைமாருக்கு எதிராக அந்த நியாயத்தைத் தொழிற்சங்கத்தின் மூலம் நாம் நிலைநாட்டினோம். அதே நியாயத்தின்படி, யுத்தக் கடமையில் மனத்துக்கு நேர்ந்த காயமும் தொழிற்காயமே. ஆனால் பொலிஸ்காரருக்குத் தொழிற்சங்கம் கிடையாது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம் அவரை வெளியே நிறுத்துகிறது. சங்கம் அமைக்கும் உரிமையை 14ஆம் உறுப்புரையில் கொடுத்த அரசியலமைப்பு, 15ஆம் உறுப்புரையின் 8ஆம் உட்பிரிவில் படையினருக்கும் பொலிசாருக்கும் அதைக் கட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. மேலிடத்துக்கு எதிராக வாய் திறக்க முடியாத தொழிலாளி அவர். அவருக்காக அவர் பேச முடியாதென்றால், பேசப் பழகிய நாம் பேசினால் என்ன? அடி வாங்கியவனே அடித்தவனுக்கு மருந்து கேட்கிறான் என்று ஊரார் வியக்கட்டும். வியந்து நிற்பவரை யோசிக்க வைக்கலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் போன நம்மவரைத் தேடியவர்களுள் இராணுவத்தினரும் பொலிசாரும் இருந்தார்கள். அந்த மண்ணிலிருந்து குழந்தையின் உடலைத் தூக்கியவருக்கு இரவில் உறக்கம் வந்திருக்குமா? அவரும் மனிதர் என்பதை அன்று கண்டோம். ஆண்டு முழுவதும் அதைக் காணும்படி செய்ய வேண்டும்.

ஆகவே நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவது, யுத்தப் பிரதேசத்தில் கடமையாற்றிய பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும், சேவையில் இருப்பினும் இளைப்பாறியிருப்பினும், உடல் மனப் பரிசோதனை நடைபெற வேண்டும். பொலிஸ் வைத்தியசாலை நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. ஊவாவிலிருப்பவருக்கு அது தொலைவு. பதுளைப் பெரியாஸ்பத்திரியிலேயே அதற்கு வசதி வேண்டும். அந்த விபரம் இரகசியமாக இருக்க வேண்டும். பதவி உயர்வைப் பாதிக்கக் கூடாது.

இரண்டாவது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உறுதியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் காவலருக்கு வார ஓய்வு அறிவிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டு வாசகத்தைக் காட்டி மனிதனை இயந்திரமாக்கும் வழக்கம் இங்கே முடிய வேண்டும்.

மூன்றாவது, மனவடுவும் கடமையின்போது ஏற்பட்ட காயமாகக் கருதப்பட்டு, நட்டஈட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் சேர வேண்டும்.

நான்காவது, நோயுற்றவர் குணமாகும்வரை அவர் கையில் ஆயுதமும் இருக்கக் கூடாது. சந்தேக நபரை விசாரிக்கும் வேலையும் அவருக்குக் கொடுக்கப்படக் கூடாது. அது தண்டனையாக அன்றி வைத்திய ஏற்பாடாக அமைய வேண்டும்.

ஐந்தாவது, ஊவாப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடியவர்கள் போதிய அளவு இருக்க வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கினாலே பாதிக் கோபம் தணியும்.

ஆறாவது, இவை எல்லாவற்றோடும் சமமாக, யுத்தத்தாலும் கைதாலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கும் அதே வைத்தியம், அதே உளவளத்துணை, அவர்கள் மொழியில், அவர்கள் தோட்டத்துக்கு அருகில் கிடைக்க வேண்டும். சிறையிருந்து மீண்ட மகனுக்கும், அவனுக்காகக் காத்திருந்த தாய்க்கும் உறக்கம் கெட்டிருக்கிறது. பொலிஸ்காரருக்கு மட்டும் வைத்தியம் என்றால் அது அநீதி. நமக்கு மட்டும் என்றால் வன்முறையின் ஊற்று அடைபடாது. ஹில்ஸ்பரோவில் இருவருக்கும் இல்லை என்றார்கள். நாம் இருவருக்கும் வேண்டும் என்கிறோம்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்ப இக்கோரிக்கைகளை மும்மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். தோட்டந்தோறும் கையெழுத்து வாங்குங்கள். அத்தோடு நிறுத்தாமல், பக்கத்துக் கிராமத்துக்கும் போங்கள். அங்கே பொலிஸ் சேவையிலிருந்து இளைப்பாறியவர் வீடு இருக்கும். சேவையில் இறந்தவரின் விதவை இருப்பார். அவர்களிடமும் கையெழுத்துக் கேளுங்கள். சிலர் கதவைச் சாத்துவார்கள். சிலர் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுப்பார்கள். தேநீர் கொடுப்பவரோடு உட்கார்ந்து, பிந்துனுவெவவைப் பற்றியும் பேசுங்கள். 1990ஐப் பற்றியும் பேசுங்கள். அந்தத் தாளில் இரு தரப்புக் கையெழுத்தும் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்தால், அதனை ஒதுக்கித் தள்ள எந்த அமைச்சருக்கும் எளிதாக இராது.